பி மைனர் பிரிலூட், நாலாவது வாரம்: பகை சுரத்தோடு மல்லுக்கட்டு

நாலு வாரமாகப் பியானோவில் ஒரே பிரிலூட் (முன்னிசைத் துண்டு). ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1722-இல் தொகுத்த வெல்-டெம்பர்டு கிளாவியர் என்ற விசைப்பலகை இசைத் தொகுப்பின் முதல் புத்தகத்தில் கடைசியாக வரும் பி மைனர். 47 பார்தான் (பார் என்பது ஒரு தாளக் கட்டம்). 'ஆண்டாண்டே', அதாவது நடக்கிற வேகத்தில், என்று அவரே குறித்திருக்கிறார். இடது கை நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். மேலே இரண்டு குரல்கள். ஒன்று பழைய சுரத்திலேயே பிடிவாதமாக நிற்கும், மற்றொன்று நகர்ந்து வந்து அதன்மேல் உரசும், பிறகு நின்றது ஒரு படி இறங்கி வழிவிடும். சஸ்பென்ஷன் என்பது இதுதான். ஒத்துப்போகாத சுரங்களுக்குப் பழந்தமிழ் இசையில் 'பகை' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்கிறேன்.

பாக்கின் மகன் கார்ல் பிலிப் இமானுவேல் 1753-இல் வந்த தன் நூலில், பகையை உரக்கவும் இணக்கத்தை மெல்லவும் வாசிக்கச் சொல்கிறார். அதை நம்பி, உரசும் இடத்திலெல்லாம் ஓங்கி அழுத்தினேன். போனில் பதிவு செய்து கேட்டால், விக்கலோடு ஒருவர் பாடுவது போல இருந்தது.

காரணம் பிடிபட ஒரு வாரம் ஆனது. உரசும் நேரத்தில் அந்தப் பகை சுரத்தை நான் அடிப்பதே இல்லை! டை (ஒரே சுரத்தை நீட்டச் சொல்லும் வளைகோடு) போட்டு முன்பிருந்தே நீண்டு வருகிறது. பியானோவில் அடித்த கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்கிவிடும். நான் ஓங்கி அடித்ததெல்லாம் வந்து மோதும் சுரத்தை. பிடித்துவைத்தது அதற்குள் மூழ்கிவிட்டது. இப்போது கனத்தை முன்கூட்டியே, அந்தச் சுரம் பிறக்கும்போதே கொடுக்கிறேன். மோத வருவது மெல்ல. இறங்கும் சுரம் அதைவிட மெல்ல, தேய்ந்து மிஞ்சிய ஒலிக்கும் ஒரு பிடி கீழே. என் சுண்டுவிரல்தான் துரோகி: கட்டைவிரல் நகர்ந்தால் தானும் எழுந்துவிடுகிறது. அந்த இடங்களை வலது கையால் மட்டும், ஒலியை நீட்டும் பெடல் இல்லாமல், தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 40-இல் வைத்து ஓட்டுகிறேன்.

டிஜிட்டல் பியானோவில் ஹார்ப்சிகார்ட் (தந்தியை மீட்டும் பழைய விசைப்பலகைக் கருவி) ஒலிக்கு மாற்றிப் பார்த்தது நல்ல பாடம். அங்கே எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் ஒன்றுதான். இறங்கும் சுரத்தை மயிரிழை தாமதிப்பதும், பழையதை அது வரும்வரை விடாமல் பிடிப்பதும்தான் வழி. அடியில் நடை மட்டும் தடுமாறக் கூடாது.

எல்லாப் பகையும் ஒரே தரமில்லை. புல்லாங்குழல் கலைஞர் குவான்ட்ஸ் 1752-இலேயே, ஆடாஜியோ என்னும் மெதுவான இசைக்குப் பக்கவாத்தியம் வாசிப்பவருக்காக அவற்றை மூன்று வகையாகப் பிரித்து வலிமை சொல்லியிருக்கிறார். நானும் பென்சிலால் 1, 2, 3 என்று போட்டு வருகிறேன்; 3 தான் மிக வலியது. முதல் 17 பாரில் 3 வாங்கியவை இரண்டே. நேற்று அதில் ஒன்றை அழித்து 2 ஆக்கினேன். பின்பாதியை இன்னும் தொடவில்லை.