நாலாவது கோடு

ஒருவழியாக எங்கள் வீட்டு ஹாலில் வெளிச்சம் குறைந்துவிட்டது. வெளிச்சத்தைக் கூட்டத்தானே பாடுபட வேண்டும், குறைப்பதற்கு என்ன என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆறு வாரம் ஆயிற்று. ஒரு நல்ல சட்டை போயிற்று. காட்பாடி மச்சான் இன்னும் எனக்குப் போன் செய்யவில்லை.

நைனாவின் சோலார் வைராக்கியம் தெரிந்ததுதான். 2012-ல் நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல், மொட்டை மாடியில் விசிறிமட்டையும் கையுமாகப் படுத்திருந்த கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. ரிட்டையர் ஆன பணம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக மாடியில் ஒரு 100 வாட் பேனல், மாடிப்படிக்கு அடியில் ஒரு 12 வோல்ட் பேட்டரி, பேட்டரி அளவுக்கு மீறி நிரம்பாமல் பார்த்துக்கொள்ள நடுவில் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர். இன்வெர்ட்டர் மட்டும் கூடவே கூடாது. "பேட்டரில கீற பன்னெண்ட இருநூத்தி முப்பதாக்கி, பல்புக்குள்ள போனதும் மறுபடி அத்த கொறைக்கறதுக்கு நடுவுல ஒரு புரோக்கர் எதுக்குடா? சும்மா ஒக்காந்திருந்தாலும் அவன் கமிஷன் எடுப்பான்" என்றார். அதில் தப்பே இல்லை. ஒரு பல்பும் எரியாவிட்டாலும் இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும்தான். ஆனால் நைனா சொல்வது சரி என்று வாய்விட்டுச் சொன்னால் அம்மா அன்றைக்குச் சாம்பாரில் காட்டிவிடுவாள்.

பேட்டரியைத் தொடுவதற்கு முன் நைனா மோதிரத்தைக் கழற்றி சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். பார்க்கிறவர்களுக்குப் பக்தி மாதிரி இருக்கும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில் ஒருநாள் ஸ்பேனரைக் குறுக்கே போட்டு, அது இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு கக்கிய நெருப்பைப் பார்த்தவர் அவர். அந்த ஸ்பேனரின் விளிம்பில் எலி கடித்த தேங்காய்ச் சில் மாதிரி ஒரு பள்ளம் இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து பிளஸ் முனைக்கு ஒரு சாண் தள்ளி 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று காவல் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோடை விடுமுறையில் என் பெண், ஹால் சீலிங் ஓரமாக எல்இடி ஸ்ட்ரிப் ஒட்ட வேண்டும் என்றாள். சிநேகிதி வீட்டில் இருக்கிறதாம். 5 மீட்டர் சுருள், மீட்டருக்கு 60 பொட்டு, எல்லாம் எரிந்தால் 24 வாட். மூன்று மூன்று பொட்டாக, கரண்டை மட்டுப்படுத்தும் ஒரு குட்டி ரெசிஸ்டரோடு கோத்திருப்பார்கள். மூன்றுக்கு ஒரு முறை கத்தரிக்கோல் படம் போட்டிருக்கும், வெட்டுவதானால் அங்கேதான் வெட்ட வேண்டும். முதுகில் கோந்து தடவி வருகிறது. மே மாத வேலூரில் எந்தக் கோந்துக்கு மனசு நிற்கும்? மூன்றாம் நாள் மத்தியானம் கால்வாசி ஸ்ட்ரிப் கழன்று, சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பாவின் மேல் விழுந்தது. பாம்பு என்று அவர் எழுந்து ஓடிய ஓட்டத்தைப் பார்த்தபோதுதான், மூட்டு வலி என்று சொல்லி அவர் இத்தனை வருடம் ரேஷன் கடைக்குப் போகாமல் இருந்ததன் உண்மை வெளியே வந்தது. அப்புறம் கிளிப் வைத்து அடித்தேன்.

அடுத்த தகராறு, டிவி பக்கம் பௌர்ணமி, சமையல்கட்டுப் பக்கம் தேய்பிறை. வீட்டில் சும்மா கிடந்த காலிங்பெல் வயரைத்தான் மாடிப்படியிலிருந்து ஹால் வரை இழுத்திருந்தேன். போகப் பத்து மீட்டர், வரப் பத்து மீட்டர். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் பேட்டரியில் பன்னிரண்டரையாகக் கிளம்பியது ஸ்ட்ரிப்பின் வாசலுக்கு வரும்போது பதினொன்று. 230-ல் ஒன்றரை வோல்ட் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. 12-ல் ஒன்றரை என்பது எட்டில் ஒரு பங்கு, நூறு ரூபாய் கொடுத்தனுப்பினால் பன்னிரண்டு ரூபாயைப் போகிற வழியில் டீ குடித்துவிடுகிற ஆளைப் போல. மிச்சமும் ஸ்ட்ரிப்பின் மெல்லிய செம்புக் கோட்டில் ஐந்து மீட்டர் நடந்து சமையல்கட்டுக்கு வரும்போது நாக்குத் தள்ளிவிடுகிறது. சரி என்று தடித்த 2.5 ஸ்கொயர் வயர் வாங்கி வந்து, ஸ்ட்ரிப்பின் இரண்டு முனையிலும் கரண்ட் கொடுத்தேன்.

எரிந்தது பாருங்கள்!

"இன்னாடா இது, பல்லு புடுங்கற எடம் மாதிரி கீது" என்றார் நைனா. கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்கு வெளிச்சம் கூசும். பகலில் இன்னும் மோசம். 12 வோல்ட் என்பது பேட்டரிக்கு வைத்த பேர்தான். ராத்திரி பன்னிரண்டரையில் நிற்கும், மத்தியானம் பேனல் அதை நிரப்பும்போது 14.4 வரை ஏறும். மூன்று பொட்டும் சேர்ந்து ஒன்பது, ஒன்பதரையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ரெசிஸ்டரின் தலையில் கட்டுகின்றன. அந்த மிச்சம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும்போது ஓடுகிற கரண்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. பட்டப்பகலில் ஹாலில் யார் ஸ்ட்ரிப்பைப் போடுவார்கள் என்று கேட்காதீர்கள். சித்தப்பா. தூங்குவதற்கு.

"பழைய ஒயர்லயே வுட்டிருந்தா கம்மியாத்தான எரிஞ்சிருக்கும்?" என்றாள் அம்மா. உனக்கு எலக்ட்ரிக்கல் தெரியாதும்மா என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை இன்றுவரை திருப்பி வாங்கிக்கொள்ள முடியவில்லை.

மச்சானுக்குப் போன் போட்டேன். "ஃபேன் ரெகுலேட்டர் ஒண்ணு மாட்டிவுடுங்க மாமா, முடிஞ்சுது" என்றான். மாட்டினேன். ஒன்றில் வைத்தால் இருட்டு. இரண்டில் இருட்டு. மூன்று, நாலு, மகா இருட்டு. ஐந்தில் பல்லு பிடுங்கும் இடம். இப்போது வருகிற ரெகுலேட்டருக்குள் இருப்பது கெபாசிட்டர். வீட்டுக் கரண்ட் மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிறதைத்தான் அது உள்ளே விடும். பேட்டரிக் கரண்ட் ஒரே பக்கமாக ஓடுகிறது, அதற்குக் கதவைச் சாத்திவிடும். ஐந்தாம் எண்ணில் மட்டும் கெபாசிட்டர் குறுக்கே வராமல் நேர் வழி. இதையெல்லாம் மச்சானிடம் விளக்கினால், "அப்ப அஞ்சுல வெச்சிட்டு பெரியவர கூலிங் கிளாஸ் போட்டுக்கச் சொல்லுங்க" என்கிறான். நான் பதிலுக்கு அவன் கல்யாணத்துச் சீரியல் செட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அப்புறம் லாங்கு பஜாரில் பழைய ரேடியோ சாமான் விற்கிறவரிடம் ஒரு வால்யூம் கன்ட்ரோல் வாங்கினேன். சத்தத்தைக் குறைக்கிறது வெளிச்சத்தைக் குறைக்காதா என்ன? குமிழை முக்கால்வாசி திருப்பும்வரை ஒன்றுமில்லை. கடைசி மயிரிழையில் லேசாக, அழகாக, நிலா மாதிரி வெளிச்சம் வந்தது. "ஆஹா" என்றார் நைனா. அந்த "ஹா" முடிவதற்குள் புகை. நகக்கண் அளவு கரிப் பட்டை, அது இரண்டு ஆம்பியரைத் தாங்குமா? ஒரு பொறி தெறித்துச் சட்டையில் ஓட்டை. சமையல்கட்டிலிருந்து அம்மா, "ஊதுவத்தி ஏத்தினியா?" என்றாள்.

அன்று ராத்திரி நைனா ஒரு பிரசங்கம் செய்தார். "சாமியில்லாத கோயிலு, ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறுன்னு நம்ம ஊர கிண்டல் பண்ணாங்க. 1981-ல கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் வந்து ஒக்காந்துட்டாரு. 2021-ல பாலாத்துல தண்ணி ரெண்டு கரையும் பொரண்டு வந்துது. இந்த ஊட்ல ஒரு லைட்டு கம்மியாவறதுதான் நான் கண்ண மூடறதுக்குள்ள நடக்காதுபோல." ராஜாவை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டார். அந்த இடம் காலி என்று அவர் நினைக்கவில்லை.

கடைசியில் டிம்மர் என்றே கேட்டு வாங்கினேன், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, ஒரு குமிழ், நாலு திருகு. முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே கொடுத்திருப்பார்கள் என்பதை இங்கே மட்டும் சொல்கிறேன், மச்சானுக்குத் தெரிய வேண்டாம். இது கரண்டை நெரிப்பதில்லை. ஒரு செகண்டுக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைத்து அணைத்து ஏற்றுகிறது. எரிகிற நேரம் அதிகமானால் வெளிச்சம் கூட, அணைகிற நேரம் அதிகமானால் வெளிச்சம் கம்மி. அணைகிறது நம் கண்ணுக்குத் தெரியாது. என் பெண் போனில் வீடியோ எடுத்தபோது சுவர் முழுக்க வரி வரியாக ஓடியது, போனின் கண்ணை ஏமாற்ற முடியவில்லை.

நைனா குமிழைத் திருகிப் பார்த்தார். குறைந்தது, கூடியது, குறைந்தது. ஐந்து நிமிஷம் பேசவில்லை. அப்புறம் கேட்டார். "அப்ப நான் பாதி நேரம் இருட்டுலதான் ஒக்காந்துகினு கீறனா?"

"ஆமா நைனா."

"தெரியாமயே?"

"தெரியாமயே."

அன்று சாப்பிடும்வரை அதே யோசனையாக இருந்தார்.

டிம்மர் வந்ததும் வீட்டில் பஞ்சாயத்து தொடங்கியது. நைனா தனக்குப் பிடித்த வெளிச்சத்துக்கு நேராகப் பெட்டியின்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார். இதைத் தாண்டக் கூடாது என்று அர்த்தம். முருங்கைக் கீரையில் புழு தெரிய வேண்டாமா மாமா என்று என் மனைவி அதற்கு மேலே ஒரு கோடு. வீடியோவில் வரி விழாத இடம் என்று பெண் கோடிக்குப் போய் ஒரு கோடு. அங்கே அணைகிற வேலையே கிடையாது, முழுசாக எரியும். ரேடியோவுக்கும் அந்தக் கோடிதான் சௌகரியம். மற்ற இடத்தில் குமிழ் இருந்தால் மீடியம் வேவில் செய்திக்குப் பின்னால் ஒரு வண்டு உட்கார்ந்து ங்ங்ங் என்கிறது. அதனால் நைனா செய்தி கேட்கும்போது பேத்தியின் கோட்டுக்குப் போய், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, தன் கோட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார்.

போன வாரம் நாலாவது கோடு ஒன்று வந்தது. பென்சில் இல்லை, நகத்தால் கீறியது. குமிழ் டிக்கென்று அணைவதற்கு ஒரு நெல் அளவு முன்னால். அந்த இடத்தில் வைத்தால் சீலிங் ஓரத்தில் சாம்பல் பூத்த கங்கு மாதிரி தெரியும், அவ்வளவுதான். புழு தெரியாது, கீரையே தெரியாது.

நைனா விசாரணைக் கமிஷன் வைத்தார். ராத்திரி அவர் கோட்டில் வைத்துவிட்டு சுவிட்சை அணைக்கிறார், காலையில் பார்த்தால் குமிழ் ஒரு நூல் தள்ளி இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்கு வோல்ட் பார்த்து டைரியில் எழுதுகிறவர் அவர், ஒரு நூல் தப்புமா? என் மனைவி இல்லை என்றாள். பெண் சத்தியம் செய்தாள். சித்தப்பா, தான் முழு வெளிச்சத்தில்தான் தூங்குவேன் என்பதை ஊரே அறியும் என்றார். அம்மாவை யாரும் கேட்கவில்லை. டிம்மர் தண்டம் என்று முதல் நாளே சொன்னவள் அவள். மிச்சம் இருந்தது நான். "ராத்திரில போன நோண்டிகினு இங்க ஒக்கார்றது நீதான" என்றார்.

இன்று காலை நாலரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஹாலில் அந்தக் கங்கு வெளிச்சம். நைனாவின் ஈசிசேரில் அம்மா. சாய்ந்து, காலைத் தூக்கி முக்காலியின்மேல் போட்டுக்கொண்டு, கையில் டம்ளர். அந்த ஈசிசேரில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. டம்ளர் விளிம்பில் ஒரு சின்ன வெளிச்ச வளையம், அவள் குடிக்கும்போது அது மூக்குத்திக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"கொஞ்சம் கூட வெச்சுக்கக் கூடாதாம்மா?" என்றேன்.

"மெதுவா பேசு. கூட வெச்சா உங்க நைனா எழுந்துக்குவாரு. எழுந்துகினா காப்பி கேப்பாரு. காப்பி குடுத்தா ஒக்காந்துகினு வோல்ட்டு சொல்லுவாரு." ஒரு மடக்குக் குடித்தாள். "சொம்புல கொஞ்சம் கீது. வேணும்னா ஊத்திக்க."

ஊற்றிக்கொண்டு முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கோயில் பக்கம் மைக் செட் இன்னும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ஐந்தடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது அவள் எழுந்து, முந்தானையால் ஈசிசேரைத் தட்டிவிட்டு, குமிழை நைனாவின் கோட்டுக்குத் திருப்பி, சுவிட்சை அணைத்தாள். கண்ணாடி போடாமல் திருப்பியதால் ஒரு நூல் தள்ளிப்போனது. நான் பார்த்தேன். சரிசெய்யவில்லை.

ஆறு மணிக்கு நைனாவின் குரல். "எவன்டா இத்த திருப்பினது?"

"நான்தான் நைனா."

"தெரியும்டா. எனக்கு அப்பவே தெரியும்." டைரியை எடுத்து 12.6 என்று எழுதினார், பக்கத்தில் என் பெயரையும் எழுதினார்.

சமையல்கட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். முகத்தில் அப்போதுதான் தூங்கி எழுந்த களை. "யாருக்கெல்லாம் காப்பி? நான் இன்னும் வாயில ஒரு சொட்டு ஊத்தல."