நீண்ட காலம் சங்கத்தைச் சுமந்தவர்களுக்கு நாம் செய்யவேண்டிய மரியாதை

எங்கள் தேயிலைத் தோட்டத்து அபிவிருத்திச் சங்கத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுப்பிலிருந்த தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரும் வரும் பொதுக்கூட்டத்துடன் விலகிக்கொள்கிறார்கள். அவர்களைக் கௌரவித்து விழா எடுப்பதென்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. அந்தத் தீர்மானம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. ஆனால், எப்படிக் கௌரவிப்பது என்பதைப் பற்றி நடந்த பேச்சில் எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. கூட்டத்தில் அனைத்தையும் சொல்ல நேரம் போதவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மலையகத்தில் இத்தகைய விழாவுக்கு நமக்குப் பழகிய வடிவம் ஒன்று உண்டு. கோயில் முன்றலில் பந்தல் போடுவோம். தப்பு முழங்க விருந்தினரை அழைத்து வருவோம். மாலை, பொன்னாடை, சட்டமிட்ட வாழ்த்துமடல், பிரதம அதிதியின் உரை, இறுதியில் அன்னதானம். இவற்றில் எதையும் விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் கொழுந்துக்கூடையும் மண்வெட்டியும் சுமந்த தோள்களில் ஊர் கூடிப் பொன்னாடை போர்த்துவது பெரிய காரியம்தான். என் வருத்தம் வேறு. வாழ்த்துமடலில் ‘தன்னலமற்ற சேவையாளர்’ என்று அச்சாகியிருக்கும். அந்தச் சேவை என்னவென்று ஒரு வரியும் இருக்காது. இன்று பத்து வயதாகும் பிள்ளை அந்த மடலை எதிர்காலத்தில் எடுத்துப் படித்தால், இந்த மூவரும் எதைச் செய்து அந்தப் பெயரைப் பெற்றார்கள் என்பதை அறிய அதில் வழியே இல்லை.

அவர்கள் செய்ததைப் புரிந்துகொள்ள, தோட்டத்தில் ஒரு சிறு வேலையைத் திட்டமிட்டு முடிப்பதற்குள் எத்தனை கதவுகளைத் தட்டவேண்டியிருந்தது என்பதை முதலில் அறியவேண்டும். 1972 மற்றும் 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டக் காணிகள் அரசுடைமையாயின. 1992 முதல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. ஆகவே நாம் தலைமுறைகளாக வாழும் லயமும் (தோட்டத்து வரிசை வீடும்), அதன் முன்னாலுள்ள வாசலும், பிள்ளைகள் விளையாடும் திட்டும், சட்டப்படி நம்முடையவை அல்ல. பக்கத்துக் கிராமத்தில் ஒரு பாதை தேவைப்பட்டால் மக்கள் பிரதேச சபையிடம் போவார்கள். நமக்கு அந்த வழி நீண்ட காலம் அடைபட்டே இருந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் நேரடியாகச் செலவு செய்வதற்குத் தடையாக இருந்தது. அந்தத் தடை 2018 இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னரே நீங்கியது. அதே காலப்பகுதியில் அம்பகமுவ பிரதேச சபை மூன்றாகப் பிரிக்கப்பட்டு, மஸ்கெலியாவுக்கும் நோர்வூட்டுக்கும் தனிச் சபைகள் கிடைத்தன. அதற்கு முந்தைய காலத்தில் குடிநீர்க் குழாய்க்கும் மலசலகூடத்துக்கும் கொங்கிறீட் பாதைக்கும் நமது சங்கத்தார் தோட்ட நிர்வாகத்திடமும், தோட்ட மக்களின் நலனுக்கான ‘டிரஸ்ட்’ நிறுவனத்தின் அலுவலகத்திடமும், பன்முகப்படுத்தப்பட்ட நிதியை (பாராளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி நிதியை) எதிர்பார்த்து அரசியல்வாதிகளிடமும் மாறி மாறிச் சென்று நின்றார்கள். ஒரு கடிதத்துக்கு ஒருவர் ஒப்பமிட்டால் மற்றவர் ஒப்பத்துக்காக மீண்டும் பேருந்து ஏறவேண்டும். அன்றைய நாட்சம்பளத்தை இழந்துதான் அந்தப் பயணங்கள் நடந்தன. இதை எந்த மேடையிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

செயலாளரை நாங்கள் அனைவரும் மாமா என்றே அழைப்போம். அவருடைய பணிகளில் நான் மிகப் பெரிதாக மதிப்பது வீட்டு இலக்கங்களுக்காக அவர் பட்ட பாடு. தோட்டங்களில் தனித்தனி முகவரி இல்லாமல், அனைவருடைய கடிதங்களும் தோட்டத்தின் பெயருக்கே வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி வீடு சேரும் நிலை மலையகம் முழுவதும் அறிந்த துயரம். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு முடிந்த பிறகு கையில் கிடைத்த இளைஞர்களை நான் அறிவேன். மாமா ஒவ்வொரு லயத்துக்கும் எழுத்தும் ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் இட்டு, குடும்பத் தலைவரின் பெயருடன் ஒரு பதிவேட்டைத் தம் கையாலேயே எழுதினார். பிறகு அதைக் கிராம உத்தியோகத்தரிடமும் தபால் அலுவலகத்திலும் கொடுத்து, ஏற்கும்வரை விடாமல் நடந்தார். வாக்காளர் பதிவு, பிறப்புச் சான்றிதழ்த் திருத்தம், சமுர்த்தி நிவாரண விண்ணப்பம் என்று பின்னாளில் வந்த அத்தனை வேலைகளுக்கும் அந்தப் பதிவேடே அடிப்படையாயிற்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தக் கணக்குத் தீராமல் கிடந்த ஒரு சமூகத்தில், ஒவ்வொரு வீட்டுக்கும் பெயரும் இலக்கமும் எழுதி வைத்த ஒரு மனிதரின் வேலை எத்தகையது என்பதை நாம் நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டும்.

தலைவர் ஐயாவைப் பற்றிய மனத்தாங்கல் இன்னும் சிலருக்கு இருப்பதை நான் அறிவேன். புதிய வீடுகளுக்கு இடம் பார்த்தபோது, பாதையோரமாக, தண்ணீருக்கு அருகில் இருந்த சரிவைத்தான் பெரும்பாலானோர் விரும்பினார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு ஆய்வு அறிக்கை வரும்வரை அங்கே ஓர் அடிக்கல்லும் வைக்கக்கூடாது என்று ஐயா உறுதியாக நின்றார். அறிக்கை வரத் தாமதமாயிற்று, வேலையும் தள்ளிப்போயிற்று, அவர் முகத்துக்கு நேராகவே பலர் பேசினார்கள். இறுதியில் அந்தச் சரிவு குடியிருக்கத் தகுந்ததல்ல என்று அறிக்கை வந்தது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறந்துவிட முடியாது. அங்கே ஆபத்து இருப்பதாக 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. இருந்தும் மக்கள் அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். எச்சரிக்கை வருவது ஒன்று, அதைக் கேட்டு நடக்கச் செய்ய ஊரில் ஒருவர் இருப்பது வேறொன்று. இன்று வேறிடத்தில் எழுந்த நம் புதிய வீடுகளில் ஏழு பேர்ச்சஸ் காணியில் மரக்கறி நட்டு வாழும் குடும்பங்கள், தாம் ஏன் சற்று மேட்டில், பாதைக்குத் தள்ளி இருக்கிறோம் என்பதைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். ஐயா அன்று ஏற்ற ஏச்சுகளும் அந்தக் கதையில் இடம்பெறவேண்டும்.

பொருளாளர் அக்காவைப் பற்றித்தான் செயற்குழுவில் எனக்கும் சிலருக்கும் கருத்து வேறுபட்டது. முதலில் தயாரான அழைப்பிதழ் வரைவில் தலைவரின் பெயரும் செயலாளரின் பெயரும் பெரிய எழுத்தில் இருக்க, அக்காவின் பெயர் ‘மற்றும் நிர்வாக உறுப்பினர்கள்’ என்பதற்குள் அடங்கியிருந்தது. அப்படிச் செய்தவர்களுக்குத் தீய நோக்கம் இல்லை. பழக்கம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தொழிற்சங்கச் சந்தாவில் பெரும்பகுதி அவர்களுடைய உழைப்பிலிருந்தே போகிறது. ஆனால் மேடையிலும் பதாகையிலும் ஆண்களின் முகங்களே நிறைந்திருக்கின்றன. அக்கா அந்தியில் கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டில் அடுப்பு மூட்டி, அதன் பிறகு கூட்டத்துக்கு வந்து அமர்வார். அவர் வைத்திருந்த மரண உதவி நிதிக் கணக்கில் ஒரு சதமும் பிழைத்ததில்லை என்பதை ஆண்டுதோறும் கணக்கைப் பரிசோதித்தவர்கள் அறிவார்கள். நள்ளிரவில் சாவுச் செய்தி வந்தாலும், விடிவதற்குள் பெட்டிக்கும் பந்தலுக்கும் தேவையான பணம் அந்த வீட்டின் கையில் இருக்கும். கடன் வாங்கிப் பிணம் எடுக்கும் அவமானம் எங்கள் தோட்டத்தில் இல்லாமல் போனது அவரால்தான். அழைப்பிதழ் இப்போது திருத்தப்பட்டுவிட்டது. மூன்று பெயர்களும் ஒரே அளவில், ஒரே வரியில் வருகின்றன.

நம் வரலாற்றிலும் இந்தக் குறை உண்டு. 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கென்று முதல் தொழிற்சங்கத்தை அமைத்த நடேசய்யரை நினைவுகூர்கிறோம். அவருடன் மேடைதோறும் பாடியும் பேசியும் மக்களை எழுப்பிய அவருடைய மனைவி மீனாட்சியம்மாளை அதில் பாதியளவும் நினைப்பதில்லை. 1940 இல் முல்லோயா தோட்டத்தில் சுடப்பட்டு இறந்த தொழிலாளி கோவிந்தனையும், 1977 இல் டெவன் தோட்டத்தில் காணிக்காக உயிர்கொடுத்த சிவனு லட்சுமணனையும் ஆண்டுதோறும் வணங்குகிறோம். அது கட்டாயம் செய்யவேண்டியது. ஆனால் உயிருடன் இருந்து, ஒவ்வொரு மாதமும் கூட்டம் கூட்டி, கடிதம் எழுதி, ஊரை ஓரடி முன்னே நகர்த்தியவர்கள் அந்த வரிசையில் வருவதில்லை. 2023 இல், முன்னோர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதைக் குறிக்கும் ‘மலையகம் 200’ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் முன்னோரின் பாதையை நமக்கு நினைவூட்டினார்கள். அந்தப் பாதை முடிந்த இடத்தில் ஊர்களை உருவாக்கியவர்களையும் எழுதிவைப்பது நம் பொறுப்பு.

ஆகவே செயற்குழுவிடம் நான் முன்வைத்தது இதுதான்: விழாவில் உரைகளைக் குறைத்து, சங்கத்தின் கூட்டக் குறிப்பேடுகளிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை இளைஞர்கள் வாசிக்கட்டும். எந்தத் திகதியில் எந்தத் தீர்மானம் நிறைவேறியது, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், அது நிறைவேற எத்தனை ஆண்டுகள் சென்றன என்பதைக் கேட்டாலே போதும். புகழ்மொழி தனியாகத் தேவைப்படாது. குறிப்பேடுகள் சில ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டன. அவற்றை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்துச் சேமிக்கும் பணியை உயர்தரம் முடித்த பிள்ளைகள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். குடிநீர் வரும் ஊற்று எங்கே, குழாய் எந்த மலையின் ஓரமாக வருகிறது, எந்த இடத்தில் அடிக்கடி உடைகிறது என்பது மாமாவின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவருடன் நடந்து சென்று அதை வரைபடமாக்கவேண்டும். இதையும் மரியாதையின் பகுதியாகவே நான் கருதுகிறேன்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். மூவரும் இவ்வளவு காலம் பொறுப்பில் இருந்ததற்கு அவர்களுடைய அர்ப்பணிப்பு ஒரு காரணம். பொறுப்பை ஏற்க எவரும் முன்வராதது மற்றொரு காரணம். படித்தவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டோம். இருப்பவர்களுக்கோ கடிதம் எழுத மாமா இருக்கிறார் என்ற நிம்மதி. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே விலக விரும்பிய ஐயாவை, ‘நீங்க இல்லாம எப்படிங்க ஐயா’ என்று சொல்லியே பொதுக்கூட்டம் மீண்டும் அமர்த்தியது. அன்பினால் செய்ததுதான் அது. ஆயினும் முழங்கால் வலியுடன் படியேறி அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர் அவரே. அவர்களை ஆலோசகர்களாக வைத்துக்கொள்வோம். மீண்டும் வேலையை அவர்கள் தலையில் ஏற்றாதிருப்போம். புதிய நிர்வாகத்தில் இரண்டு பதவிகளுக்காவது பெண்கள் வரவேண்டும் என்றும், எந்தப் பதவியிலும் ஒருவர் தொடர்ந்து இருக்கக்கூடிய காலத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்றும் சங்கத்தின் யாப்பில் (விதிகளில்) திருத்தம் கொண்டுவர முன்மொழிந்திருக்கிறேன். பொதுக்கூட்டத்தில் அது வாக்கெடுப்புக்கு வரும்.

தோட்டத்தை விட்டுச் சென்று வேறிடங்களில் வாழும் நம்மவர் இதை வாசித்தால், உங்களிடம் சிரமதானங்களின் பழைய படங்கள், மாமா உங்களுக்காக எழுதித் தந்த கடிதங்களின் பிரதிகள், அக்கா ஒப்பமிட்ட பற்றுச்சீட்டுகள் ஏதேனும் இருந்தால் விழாவுக்கு முன்பு சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். படங்களின் பின்புறத்தில் ஆண்டையும், நிற்பவர்களின் பெயர்களையும், முடிந்தால் எந்த லயம் என்பதையும் எழுதுங்கள்.