புருவங்கள்

மே 3, சனி
பதினொரு பிள்ளைகள். "கோபமா ஒரு ஆளை வரைங்க" என்றேன். பதினொரு தாளிலும் ஒரே ஆள்: வட்ட முகம், நெற்றியில் ஏறிய கண், கவிழ்த்துப் போட்ட பிறை வாய். புருவம் யாருமே போடவில்லை.

மே 4, ஞாயிறு
இன்றும் காபி வலது கடைவாய் வழியாகத்தான் வழிந்தது. அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

மே 6, செவ்வாய்
ராத்திரி அம்மாவின் கண்ணில் களிம்பு போட்டு, இமையை இறக்கி, டேப் ஒட்டினேன். நெற்றியும் சேர்ந்து அசையாததால்தான் பக்கவாதம் இல்லை, முக நரம்புதான் என்கிறார் டாக்டர். சரி. ஆனால் புருவம் அசையாததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

மே 10, சனி
கண் தலையின் நடுப்பாதியில் இருக்கிறது என்றால் நம்பவே இல்லை. ஜோடி ஜோடியாக நிற்க வைத்து, உச்சியிலிருந்து கண் வரை, கண்ணிலிருந்து தாடை வரை பென்சிலால் அளக்கச் சொன்னேன். "ஆமா மிஸ், சரிபாதி!" என்று ஒரே கூச்சல்.

அப்புறம் வாயைத் தாள் துண்டால் மறைத்துவிட்டு, இரண்டு புள்ளிக் கண்ணுக்கு மேலே புருவம் மட்டும். மூக்குப் பக்கத்து முனை இறங்கினால் கோபம். அதே முனை ஏறினால் அழுகை. கோட்டை ஒரு நூல் சாய்த்தாலே ஆள் மாறிவிடுகிறான். இதைக் கண்டுபிடித்த முகங்களைப் பார்க்கத்தான் நான் சொல்லிக்கொடுக்கவே வருகிறேன்.

"ஒண்ணு மட்டும் ஏறினா மிஸ்?"

"சந்தேகம்" என்றது இன்னொன்று. நான் சாக்பீஸோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அம்மா யாரைப் பார்த்தாலும் இப்போது சந்தேகப்படுவதுபோல இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காகூட, "என்னத்தே, நான் சொல்றதை நம்பலையா?" என்று கேட்டுவிட்டார்.

மே 11, ஞாயிறு
அசையவில்லை.

மே 14, புதன்
தூக்கம் வராமல் படித்தது: 1862-ல் துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் படம் எடுத்திருக்கிறார். உதடு விரிவது மட்டும் சிரிப்பு ஆகாது, கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்க வேண்டுமாம். அம்மாவின் இடது கண் சுருங்குகிறது. பாதிச் சிரிப்பு. ஆனால் உண்மைச் சிரிப்பு.

மே 17, சனி
எல்லைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அய்யனாரின் காவல் வீரனைப் பார்த்து வரைந்தார்கள். கருவிழியைச் சுற்றி வெள்ளை முழுசாகத் தெரிகிறது. இமை எங்கேயும் தொடவில்லை. அதுதான் அந்த உருட்டல். மூன்றாம் வகுப்புப் பெண் முதலில் இமையை விழிமேல் போட்டுவிட்டு, "தூங்குறாரு மிஸ்" என்று தானே அழித்தாள்.

மூடாத கண். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மே 18, ஞாயிறு
கரண்ட் இல்லை. அம்மா மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் பொட்டு வைத்தார். வலப்பக்க நெற்றியில் ஒரு மடிப்பு. நிழலா என்று தெரியவில்லை. "இன்னொரு தடவை தூக்கும்மா" என்றேன். சுடர் ஆடிக்கொண்டே இருந்தது. விடியட்டும், வாசலில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும்.