தை அமாவாசையும் காணாம போன 11 மில்லிமீட்டரும்

நேத்துதான் ஜவ்வாது மலையிலருந்து இறங்கினேன். இன்னும் மூட்டையைக்கூட பிரிக்கல, ஆனா இதை சூட்டோட எழுதலன்னா தூக்கம் வராது. கம்மி செலவுல மலையில நட்சத்திர போட்டோ எடுக்குறது எப்படின்னு வரிசையா சொல்லணும்னுதான் ஆரம்பிக்கிறேன், பாப்போம்.

சென்ட்ரல்லருந்து ஜோலார்பேட்டை வரைக்கும் ட்ரெயின், அதுல சொல்ல ஒண்ணுமில்ல. ஆலங்காயத்துல மலை பஸ்ஸுக்கு நின்னா, அமாவாசைக்கு கோயில் போற கூட்டம் படிக்கட்டுல தொங்குது, டெலஸ்கோப், அதைத் தாங்கி வானத்தோட சேத்து திருப்புற மவுண்ட், பேட்டரின்னு 22 கிலோ மூட்டையை வெச்சுக்கிட்டு எங்க ஏறுறது? ஒரு வேன்காரர் 1,200 கேட்டார். பஸ்ல 30 ரூவாகூட ஆகாது! "சார், காலி வண்டியாதான் இறங்கணும்"னார். 900க்கு கெஞ்சிப் பாத்தேன், அவர் பீடியைப் பத்தவெச்சுட்டு மலையைப் பாத்துக்கிட்டு நின்னார், குடுத்துட்டேன். வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல.

தங்கின வீட்டு அக்கா சாமை சோறும் மொச்சைக்கொட்டை குழம்பும் போட்டாங்க. அமாவாசை, அதனால கோழி கிடையாதுன்னதும் லேசா மொகம் சுளிச்சேன், அந்தக் குழம்பை ஊத்துனதுக்கப்புறம் கோழியே ஞாபகம் வரல. மூணு தடவ வாங்கினேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். இவ்ளோ நாள் பழைய கேனான் டிஎஸ்எல்ஆர்லதான் எடுத்துக்கிட்டிருந்தேன். அதுல தலைவலியே இல்ல. டெலஸ்கோப் தர்ற பிம்பம் லேசா வளைஞ்சிருக்கும், அதைத் தட்டையாக்க பின்னாடி ஃப்ளாட்னர்னு ஒரு லென்ஸ் போடணும், என்னுதுக்கு அந்த ஃப்ளாட்னர்லருந்து சென்சார் வரைக்கும் 55 மில்லிமீட்டர் இருக்கணும். கேனான் பாடிக்குள்ள 44, அதை டெலஸ்கோப்போட மாட்டுற டி-ரிங் வளையம் 11, மாட்டினா முடிஞ்சுது. இந்த தடவ செகண்ட் ஹேண்ட்ல வாங்கின, சென்சாரைக் குளிர வெக்கிற கூலிங் கேமரா, இசட்டபிள்யூஓ கம்பெனியோட 294 எம்சி ப்ரோ. கேமரா மூஞ்சியிலருந்து சென்சார் வரைக்கும் 17.5, கூட 21, 16.5ன்னு ரெண்டு எக்ஸ்டென்ஷன் வளையம், கூட்டினா 55, கணக்கு கரெக்ட்டுன்னு காலர் தூக்கிவிட்டுக்கிட்டு வந்துட்டேன்.

ராத்திரி 9 மணி, ஓரியன் நட்சத்திரக் கூட்டத்துல குதிரைத்தலை மாதிரி தெரியுற தூசி மேகம், அதான் குதிரைத்தலை நெபுலா, முதல் ஃப்ரேம். நடுவுல ஊசிமுனை மாதிரி நட்சத்திரம், ஓரத்துக்குப் போகப் போக நாலு மூலையிலயும் சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி வெளிப்பக்கமா இழுத்திருக்கு. மவுண்ட் ட்ராக்கிங்கைத் திட்டினேன், ஆனா ட்ராக்கிங் தப்புன்னா எல்லா நட்சத்திரமும் ஒரே பக்கம்தானே இழுக்கும். சென்சார் சாய்ஞ்சிருந்தா ஒரு மூலையோ ஒரு பக்கமோதான் அசிங்கமா இருக்கும். இப்படி நடுவுலருந்து கம்பி கம்பியா கிளம்பினா பொதுவா சென்சார் ரொம்பக் கிட்ட இருக்குன்னு அர்த்தம், நடுவைச் சுத்தி வளையல் மாதிரி வளைஞ்சா தூரம் ஜாஸ்தி. இதெல்லாம் தெரியும், ஆனா என் கணக்கு தப்பாகும்னு மனசு ஒத்துக்கல, ரெண்டு மணி நேரம் போச்சு. மலைக்கு அந்தப் பக்கம் காவலூர் வானாய்வகத்துல பெரிய டெலஸ்கோப்போட 2.34 மீட்டர் கண்ணாடி 1986லருந்து வானத்தைப் பாத்துக்கிட்டிருக்கு, இந்தப் பக்கம் நான் 72 மில்லிமீட்டர் குழாயோட மல்லுக்கட்டுறேன்.

கடைசில கூட வந்த பெங்களூர் நண்பன்தான் டார்ச் அடிச்சுப் பாத்தான். "டேய், முன்னாடி ஒரு வளையம் இருக்கணுமே, எங்க?" அந்த 17.5ங்கிறது 11 மில்லிமீட்டர் வளையத்தையும் சேத்து! வித்தவர் அதைக் கழட்டி வெச்சிருக்கார், நான் ஸ்கேல் வெச்சு ஒரு தடவ அளந்து பாக்காம அப்படியே மாட்டியிருக்கேன், ஆக மொத்தம் 44தான். இன்னொண்ணு, ஃப்ளாட்னருக்கும் சென்சாருக்கும் நடுவுல ஃபில்டர் போட்டா அதோட தடிமன்ல மூணுல ஒரு பங்கு தூரத்தைக் கூட்டணும், என் 2 மில்லிமீட்டர் ஃபில்டருக்கு சுமார் 0.7. அதையும் மறந்துட்டேன்.

அவன் பையில 10 மில்லிமீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒண்ணு, 1 மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர்னு மெல்லிசு ஸ்பேசர் வளையம் ஒவ்வொண்ணு இருந்துச்சு. மொத்தம் 55.5. தேவை 55.7, அந்த 0.2க்கு நான் அழல. மூலையெல்லாம் உருண்டையாயிடுச்சு! ஓரியன் மேற்க இறங்குறதுக்குள்ள ஒரு மணி நேரத்துக்கு போட்டோ தேறுச்சு, குதிரைத்தலை தெளிவா வந்திருக்கு. வீடியோ மட்டும் பாத்து கத்துக்குறவங்க யாரா இருந்தாலும் கிளம்புற முன்னாடி 150 ரூவாய்க்கு ஒரு ப்ளாஸ்டிக் காலிப்பர் வாங்கி அளந்துருங்க, சொல்லிட்டேன்.

பஸ் டைமிங் எழுதறேன்னு நெனச்சேன், குறிச்சுவெச்ச சீட்டு மலையிலயே இருக்கு. வளையம் கிடைச்சுது, கேமரா டப்பாவுல ஸ்பாஞ்சுக்கு அடியில, வீட்லயேதான் இருந்திருக்கு.