வருடம் மாற்றும் பலகை: கல்வர் ராணுவப் பள்ளியை அட்டையில் கட்டிய கதை

ஆறு வாரமாக என் மேசையில் ஒரு ஏரிக்கரை கிடக்கிறது. ஃபோம் போர்டு, 2 மி.மீ. அட்டை, பால்சா மரச் சீவல்கள், ஒரு டப்பா நிறையக் குட்டிக் காந்தங்கள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், மேக்ஸின்கக்கி ஏரியின் வடகரையில் இருக்கும் கல்வர் ராணுவப் பள்ளியின் மாதிரி இது. தனியார் நடத்தும் உறைவிடப் பள்ளி. பெயரில் ராணுவம் இருந்தாலும் அரசுப் படைக்கும் இதற்கும் நேரடி உறவு கிடையாது. சீருடை, அணிவகுப்பு, எக்காளம் ஊதி எழுப்புவது எல்லாம் உண்டு. படித்து முடித்தவர்களில் பெரும்பாலோர் போவது கல்லூரிக்கு.

ஒரு பள்ளிக்கூடத்தின் வரலாறு என்றால் வழக்கமாகத் தலைமையாசிரியர்களின் பட்டியல்தான் கிடைக்கும். எனக்கு அதில் தூக்கம் வந்துவிடும். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கட்டடத்துக்கும் அடியில் ஒரு காந்தம், பலகையில் அதற்கு நேராக இன்னொன்று. பலகை ஓரத்தில் வருடம் எழுதிய அட்டைகள். 1900 என்று அட்டையைத் திருப்பினால் 1900க்குப் பிறகு வந்ததையெல்லாம் பிடுங்கி எடுத்துவிட வேண்டும். வருடத்தைக் கையால் மாற்றலாம்.

முதல் வாரம் முழுக்க அளவுக் குழப்பத்தில் போனது. 1:1000 என்று ஆரம்பித்தேன். கட்டடங்கள் அழகாக வந்தன. ஆனால் இந்தப் பள்ளிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை குதிரைகள், அதுவும் கறுப்புக் குதிரைகள். 1:1000ல் ஒரு குதிரை இரண்டரை மி.மீ. கூட வராது. அதாவது கறுப்பு எள். வேடிக்கைக்காக நிஜமாகவே எள்ளை வரிசையாக ஒட்டிப் பார்த்தேன். எறும்பு ஊர்வலம் போல இருந்தது. சரி என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 1:500க்கு மாறினேன். பலகை பெரிதானது, ஏரி சுருங்கியது. மேக்ஸின்கக்கி சுமார் 1,860 ஏக்கர். முழுதாக வைத்தால் அறைக்குள் ஏரி மட்டும்தான் இருக்கும். கரையோரம் ஒரு சாண் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன்.

தண்ணீருக்கு நீலப்பச்சை அக்ரிலிக் அடித்து, மேலே பளபளப்பு வார்னிஷ் மூன்று பூச்சு. இரண்டாம் பூச்சு காய்வதற்குள் மூன்றாவதைப் போட்டதில் குமிழி கிளம்பிவிட்டது. ஏரியின் ஒரு மூலை இன்றைக்கும் கொதிக்கிற மாதிரிதான் தெரிகிறது.

கட்டடம் எதுவும் இல்லாத வெறும் பலகைக்கும் ஒரு வருடம் எழுத வேண்டியிருந்தது. 1838 என்று எழுதினேன். அந்த ஏரியின் பெயரைத் தந்த பொட்டவாட்டமி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களில் 850க்கும் மேற்பட்டவர்களை, பக்கத்திலேயே இருக்கும் ட்வின் லேக்ஸ் பகுதியிலிருந்து அந்த வருடம் துப்பாக்கி முனையில் கான்சாஸ் வரைக்கும் நடத்திக்கொண்டு போனார்கள். வழியில் இறந்தவர்கள் நாற்பதுக்கு மேல், அதிலும் குழந்தைகள்தான் அதிகம். பள்ளி வரலாற்றை இங்கிருந்து யாரும் தொடங்குவதில்லை. என் பலகை, நான் தொடங்கினேன்.

அடுத்து 1883. செயின்ட் லூயிஸ் நகரத்து அடுப்பு வியாபாரி ஹென்றி ஹாரிசன் கல்வர் இந்தக் கரையில் நிலம் வாங்குகிறார். இவரும் சகோதரர்களும் நடத்திய நிறுவனம் 'ஹோம் கம்ஃபர்ட்' என்ற இரும்பு அடுப்பைத் தயாரித்தது. கடையில் வைத்து விற்கவில்லை. வண்டியில் ஏற்றி ஊர் ஊராக, பண்ணை வாசல் வாசலாகக் கொண்டுபோய் விற்றார்கள். பணம் சேர்ந்தது, உடம்பு கெட்டது. ஓய்வுக்காக மனைவியின் ஊர்ப்பக்கம் வந்தவர்தான் ஏரியைப் பார்த்து மயங்கியிருக்கிறார். முதலில் மதக் கூட்டங்கள் நடத்திப் பார்த்தார். 1894ல் பள்ளி தொடங்கினார். அப்போது பக்கத்து ஊரின் பெயர் மார்மன்ட். பிறகு அதுவே கல்வர் ஆகிவிட்டது. இதற்காக ஒரு சின்னப் பெயர்ப்பலகையைத் திருப்பிப் போடுகிற மாதிரி செய்தேன்: ஒரு பக்கம் மார்மன்ட், மறுபக்கம் கல்வர். இந்த மொத்த வேலையிலும் முதல் தடவையிலேயே ஒழுங்காக அமைந்தது அது ஒன்றுதான்.

பள்ளி திறந்து ஒரு குளிர்காலம்கூட முழுதாக முடியவில்லை, 1895ல் கட்டடம் எரிந்துபோனது. அடுப்பு விற்றவர் கட்டிய பள்ளி தீயில் போனது என்று எழுதும்போது கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

எரிந்ததை எப்படிக் காட்டுவது? இங்கேதான் முட்டாள்தனம் செய்தேன். முதல் கட்டடத்தை ஃபோம் போர்டில் செய்து, ஓரங்களை மெழுகுவத்தியில் லேசாகக் கருக்கினால் தத்ரூபமாக இருக்கும் என்று தோன்றியது. ஃபோம் கருகாது, உருகும். இரண்டு விநாடியில் பாதிக் கட்டடம் சுருண்டு, கறுப்புப் புகையும் ஒரு நாற்றமும் கிளம்பி, ஜன்னல்களைத் திறந்துவைத்து அரை நாள் அந்த அறைக்குள் போகாமல் இருந்தேன். யாராவது இதைச் செய்ய நினைத்தால் வேண்டாம். மறுபடி பால்சா மரத்தில் செய்து, கருக்கலைப் பெயிண்டிலேயே கொண்டுவந்தேன். அதிக வேலைப்பாடு இல்லாத ஒரு பெட்டி, அவ்வளவுதான். சில மாதங்களே நின்ற கட்டடத்துக்கு அது போதும்.

கல்வர் விடவில்லை. இந்த முறை எஃகும் செங்கலும் வைத்து, தீப்பிடிக்காத கட்டடமாகவே எழுப்பினார். 'மெயின் பேரக்' என்ற அந்த மாணவர் விடுதி இன்றும் நிற்கிறது. பார்க்கப் பள்ளி மாதிரி இருக்காது, கோட்டை மாதிரி இருக்கும்; கூரை விளிம்பில் பல் பல்லாக மேடும் பள்ளமும். நம் பழைய பாடல்களில் மதில் மேல் வரும் ஞாயில் இருக்கிறதே, அதேதான். அம்பு எய்ய யாரும் வரப்போவதில்லை என்றாலும் அந்தக் காலத்து அமெரிக்க ராணுவப் பள்ளிகள் பலவற்றுக்கும் இந்த வேஷம் பிடித்திருந்தது. ஞாயில் பற்களைக் கத்தியால் ஒவ்வொன்றாக வெட்டியதில் விரலும் கொஞ்சம் வெட்டுப்பட்டது. பிறகு நாலு அட்டைப் பட்டைகளைச் சேர்த்துக் கட்டி, சதுர அரத்தால் ஒரே தேய்ப்பில் நாலுக்கும் பள்ளம் போட்டேன். இந்த ஒரு உத்தி என் நேரத்தில் இரண்டு நாளை மிச்சம் பிடித்தது.

மூன்றாம் வாரம் வந்த சிக்கல் வேறு மாதிரி. 1896ல் மிசௌரி மாநிலத்தின் மெக்ஸிகோ என்ற ஊரில் இருந்த மிசௌரி ராணுவப் பள்ளியும் தீயில் அழிந்தது. அதன் தலைவர் கர்னல் அலெக்ஸாண்டர் ஃப்ளீட். கல்வர் அவரை அழைத்தார். அவரும் மாணவர்களையும் ஆசிரியர்களையும் கூட்டிக்கொண்டு இண்டியானாவுக்கு வந்துவிட்டார். அதாவது ஒரு பள்ளியின் உயிர் இன்னொரு பள்ளியின் உடம்புக்குள் நுழைந்துகொண்டது. என்னைக் கேட்டால் கல்வர் பள்ளி உண்மையில் தொடங்கியது 1894ல் அல்ல, 1896ல்தான். ஆனால் இதற்கு வைக்க ஒரு கட்டடமும் இல்லை! கடைசியில் குண்டூசிகளை எடுத்தேன். கல்வரின் பழைய மாணவர்களுக்கு நீலத் தலை, மிசௌரியிலிருந்து வந்தவர்களுக்கு மஞ்சள் தலை. 1896 அட்டையைத் திருப்பினால் பலகையில் மஞ்சள் பரவும். (மிசௌரிப் பள்ளியும் சாகவில்லை. 1900ல் அதே ஊரில் மறுபடி எழுந்தது.)

அடுத்த வருடமே கல்வர் இறந்துபோனார். தன் பெயரில் உள்ள பள்ளியை அவர் மூன்றே வருடம்தான் பார்த்தார்.

அதே 1897ல் குதிரைகள் வந்தன. மெக்கின்லி ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது அணிவகுப்பில் போன கிளீவ்லேண்ட் படைப்பிரிவின் கறுப்புக் குதிரைகளில் சிலவற்றைப் பள்ளி வாங்கியது. 'பிளாக் ஹார்ஸ் ட்ரூப்' பிறந்த கதை இது. 1913 மார்ச் 4ஆம் தேதி உட்ரோ வில்சன் பதவியேற்ற ஊர்வலத்தில் கல்வர் மாணவர்கள் இந்தக் குதிரைப்படையோடு போனார்கள். துணை ஜனாதிபதி தாமஸ் மார்ஷல் இண்டியானாக்காரர், அது உதவியிருக்கும். அதற்குப் பிறகும் பல பதவியேற்பு ஊர்வலங்களில் போயிருக்கிறார்கள்.

1:500ல் குதிரை ஐந்து மி.மீ. மெல்லிய செப்புக் கம்பியை 'ட' மாதிரி மடக்கி, மேலே புட்டி வைத்து, காய்ந்ததும் கறுப்பு அடித்தேன். பன்னிரண்டு செய்தேன். அதில் மூன்று குதிரை, நாலு நாய், மீதி என்னவென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் படை.

நான் அதிக நாள் செலவழித்தது படகுகளில்தான். பலகையில் அவை இடம்பிடிப்பது ஒரு விரல் அகலம்கூட இல்லை. 1902ல் பள்ளி கோடைக்காலக் கடற்படைப் பயிற்சியைத் தொடங்கியது. கடலே இல்லாத ஊரில் கடற்படைப் பள்ளி! அதற்காகக் 'கட்டர்' எனப்படும் கனமான துடுப்புப் படகுகள் வந்து சேர்ந்தன. 1913 மார்ச் கடைசியில், வில்சன் ஊர்வலம் முடிந்து மூன்றே வாரத்தில், அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியெங்கும் பெருவெள்ளம். கல்வருக்குத் தெற்கே ஐம்பது கி.மீ. போல இருக்கும் லோகன்ஸ்போர்ட், வாபாஷ் ஆறும் ஈல் ஆறும் கூடும் இடத்தில் இருக்கிற ஊர். இரண்டும் சேர்ந்து ஊருக்குள் வந்துவிட்டன. அங்கிருந்து உதவி கேட்டுச் செய்தி வர, அப்போது பள்ளித் தலைவராக இருந்த லீ கிக்னிலியட் கோடைக்காலத்துக்காக எடுத்து வைத்திருந்த படகுகளை ரயிலில் ஏற்றி, மாணவர்களோடு கிளம்பினார்.

பள்ளிப் பையன்கள். தெருவில் ஆறு ஓடுகிறது, பனிக்காலக் குளிர் இன்னும் போகவில்லை. மாடியிலும் கூரையிலும் நின்றவர்களைப் படகில் இறக்கி, இழுப்பை எதிர்த்துத் துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தார்கள். இப்படிக் காப்பாற்றியது சுமார் 1,400 பேரை. அணிவகுப்பு, பளபளக்கும் பொத்தான் இதையெல்லாம் பார்த்து எனக்கு இருந்த லேசான நக்கல் இந்த இடத்தில் அடங்கிப்போனது. சொன்ன சொல்லுக்கு எட்டுப் பேர் ஒரே நேரத்தில் துடுப்பைத் தூக்கும் பழக்கம் வெள்ளத்தில் எதற்கு உதவும் என்று கேட்டால், இதற்குத்தான்.

இதை மட்டும் 1:100ல் தனியாகச் செய்தேன். ஒரு தெருமுனை, மாடி ஜன்னல் வரை பழுப்புத் தண்ணீர், ஜன்னலுக்கு நேராக ஒரு படகு. படகின் வயிற்றை வளைப்பதுதான் கஷ்டம். பால்சாச் சீவலைக் காய்ந்தபடியே வளைத்தால் நடுவில் முறிந்துவிடுகிறது. கால் மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, ஒரு பேனா மூடியைச் சுற்றிக் கட்டி, இரவு முழுக்க விட்டால் வளைவு நிற்கிறது. துடுப்புகள் பல்குத்தும் குச்சிகள். வெள்ளத்துக்கு இந்த முறை பொறுமையாக, ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் விட்டேன். குமிழியே இல்லை. கொதிக்க வேண்டிய வெள்ளம் கண்ணாடி மாதிரி அமைந்துவிட்டது, ஏரிதான் கொதிக்கிறது.

லோகன்ஸ்போர்ட் மக்கள் நன்றியாகப் பள்ளிக்கு ஒரு நுழைவாயில் கட்டிக் கொடுத்தார்கள். பெரிய பலகையில் அந்த வாயிலுக்குத் தனிக் காந்தம் உண்டு.

அதற்குப் பிறகு வேலை வேகமாக ஓடியது, சுவாரஸ்யமும் கொஞ்சம் குறைந்தது. முதல் உலகப் போரில் இறந்த பழைய மாணவர்களின் நினைவாக 1924ல் லீஜன் நினைவு மண்டபம். 1932ல் கல்வர் குடும்பம் பள்ளியைத் தன் சொத்தாக வைத்துக்கொள்ளாமல் லாப நோக்கமில்லாத அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. பள்ளி இத்தனை காலம் நிலைத்ததற்கு என் கணக்கில் இதுதான் முக்கியக் காரணம், ஆனால் இதற்கும் கட்டடம் கிடையாது, வெறும் அட்டைதான். 1951ல் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்காகத் தேவாலயம். அதன் கோபுரத்தில் 51 மணிகள். வருடத்தையும் எண்ணிக்கையையும் சேர்த்து நினைவு வைத்துக்கொள்ள வசதி. 1971ல் பெண்களுக்கான பள்ளி. அதற்குச் சிவப்புத் தலைக் குண்டூசி வாங்கப் போய், கடையில் இல்லாமல், நீலத்தின் மேல் நகப்பூச்சு அடித்துச் சமாளித்தேன்.

1971 என்ற வருடம் தற்செயல் இல்லை. வியட்நாம் போரின் கசப்பில் ராணுவம் என்ற சொல்லே பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆகாமல் போயிருந்த காலம். இதைக் காட்டப் பக்கத்தில் ஒரு குட்டிப் பலகை வைத்தேன், மூடிப்போன பள்ளிகளுக்காக. வர்ஜீனியாவின் ஸ்டான்டன் ராணுவப் பள்ளி, செனட்டர் பாரி கோல்ட்வாட்டர் படித்தது, 1976ல் மூடப்பட்டது. மிசௌரியின் பூன்வில்லில் 1844லிருந்து இருந்த கெம்பர் 2002ல் போனது. அதே மாநிலத்தில் வென்ட்வொர்த், 1880ல் தொடங்கியது, 2017ல் போனது. வளாகம் எதையும் கட்டவில்லை. மூன்று வெற்றுக் காந்தங்கள், பக்கத்தில் வருடங்கள்.

இன்னும் பாக்கி இருப்பது ஏரியில் நிற்க வேண்டிய லெட்பெட்டர் என்ற மூன்று பாய்மரக் கப்பல். அதற்கு நூல் கட்டவேண்டும், என் கண்ணுக்கு அது தாங்குமா பார்க்கலாம். இரண்டு கட்டடங்களில் காந்தத்தைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறேன்; வைத்தால் துள்ளி ஓடுகின்றன. காந்தம் ஒட்டும் முன் மார்க்கரால் மேல்பக்கத்தில் புள்ளி வைத்துவிடுங்கள், நான் பாதியில்தான் கற்றுக்கொண்டேன்.

போன ஞாயிறு அக்கா மகன் வந்திருந்தான், ஏழு வயசு. வருட அட்டையை 1895க்குத் திருப்பச் சொல்லிக் கொடுத்தேன். கருகிய பெட்டியை விட்டுவிட்டு நேராக மெயின் பேரக்கைப் பிடுங்கினான்.

"மாமா, இதுவும் எரிஞ்சுபோச்சா?"

"இல்லடா, எரியக்கூடாதுன்னே கட்டினது அது."

நம்பாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் அதை இடத்தில் வைத்துவிட்டு, பன்னிரண்டு குதிரைகளையும் எடுத்து ஏரிக்குள் நிறுத்தினான். கொதிக்கிற மூலையில்.