நேர்த்திக்கடன் பாக்கி

எழுதி மாசக்கணக்கா ஆச்சு. சாக்கு எதுவும் இல்ல, அசதிதான்.

ரங்கூன்ல இருக்கவங்களுக்கு சொல்லவே வேணாம், வெளியில இருக்கவங்களுக்காக சொல்றேன். இங்க கரண்ட் எப்ப வருதோ அப்பதான் நம்ம நாள் ஆரம்பிக்குது. ராத்திரி ஒரு மணிக்கு தெருவுல எவனாவது ஒரு பொடியன் "மீ லாபீ"ன்னு கத்துவான், கரண்ட் வந்துடுச்சுங்கறான், உடனே எந்திரிச்சு மோட்டார் போட்டு தொட்டிய ரொப்பணும், ரைஸ் குக்கர்ல சோறு வைக்கணும், போன் சார்ஜ் போடணும், அத்தையோட, அதான் என் மாமியாரோட, துணிய மெஷின்ல போடணும், இதெல்லாம் முடிச்சு படுக்கறதுக்குள்ள மூணு மணி ஆயிடும், அஞ்சுக்கு மறுபடி போயிடும். அப்புறம் தையல் மெஷின கால்ல மிதிச்சு ஓட்ட வேண்டியதுதான். நல்லவேளை எங்க மாமனார் வாங்கின பழைய மெஷின தூக்கிப் போடல.

அத்தைக்கு பக்கவாதம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. வலது பக்கம் விழுந்துடுச்சு, வாயும் ஒரு பக்கமா கோணிடுச்சு. தூக்கி உக்கார வைக்கணும், ஊட்டணும், திருப்பிப் படுக்க வைக்கணும். என் வீட்டுக்காரர் போய்ச் சேந்துட்டார். பையன் இருந்தா தூக்கறதுக்காவது ஒரு கை இருந்திருக்கும், ஆனா பிப்ரவரி 2024ல கட்டாய ராணுவ சேவைய அமலுக்கு கொண்டு வர்றோம்னு அறிவிச்சாங்கல்ல, ஆம்பளைங்கன்னா 18லேருந்து 35 வயசுன்னு, அவனுக்கு அப்ப 22. ஒரு மாசத்துக்குள்ள அனுப்பிட்டேன். தாய்லாந்துப் பக்கம் போய்ட்டான்னு போன் வர்ற வரைக்கும் ஆறு நாள், அந்த ஆறு நாளும் நான் சாமி படத்து முன்னாடியேதான் உக்காந்திருந்தேன்.

அப்ப வேண்டிக்கிட்டதுதான். பீலிக்கான் முனீஸ்வரனுக்கு மூணு வருஷம் பால்குடம் எடுக்கறேன், பிள்ளை பத்திரமா போய்ச் சேரட்டும்னு.

பீலிக்கான் தெரியாத பர்மா தமிழங்க இருக்க முடியாது. ஆத்துப்பாலம் தாண்டி தான்லின் வழியா போகணும். அங்காள பரமேஸ்வரியும் முனீஸ்வரரும் இருக்கற கோயில், தமிழங்க மட்டும் இல்ல, பர்மாக்காரங்களும் வந்து விழுந்து கும்புடுவாங்க. அத்தைக்கு அந்தக் கோயில்னா உசிரு. 1964 மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு சொன்னப்ப அவங்களுக்கு 17 வயசு, புதுசா கல்யாணமானவங்க, கடையையும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அண்ணங்க ரெண்டு பேரும் மெட்ராசுக்கு கப்பல் ஏறிட்டாங்க. அதுல சின்ன அண்ணனுக்கு அந்த ஊர் ஒட்டல, நடந்தாவது பர்மாவுக்கு வந்துடறேன்னு கிளம்பி மணிப்பூர் எல்லையில மோரேயில மாட்டிக்கிட்டார், அங்கயே தங்கிட்டார். அவரை மாதிரி மாட்டிக்கிட்டவங்க சேந்து அங்கயும் இதே அங்காள பரமேஸ்வரிக்கும் முனீஸ்வரருக்கும் கோயில் கட்டிட்டாங்க. "போனவங்களுக்கும் அவன்தான், இருந்தவங்களுக்கும் அவன்தான்"னு அத்தை சொல்லும், வாய் நல்லா இருந்த காலத்துல.

எனக்கு அந்த மாதிரி பக்தி கிடையாது, உண்மைய சொல்லிடறேன். எனக்கு சாமின்னா செட்டியார் கடைப் பேரேடு மாதிரி. இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் பற்று. பிள்ளைய காப்பாத்தினியா, இந்தா பால்குடம். குடத்துல குறை வெச்சா அங்க பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம். நேர்த்திக்கடன்ங்கற வார்த்தையிலயே கடன் இருக்கே.

முதல் வருஷம் எடுத்துட்டேன். ரெண்டாவது தடவை காப்பு கட்டி விரதம் இருந்தாச்சு, அத்தைய யாரு பாத்துக்கறதுன்னு தெரியல. பக்கத்து வீட்டு அக்கா, பர்மாக்காரங்க, அவங்களே வந்து நின்னாங்க. அவங்க தங்கச்சி குடும்பம் மாண்டலேல, 28 மார்ச் 2025ல வந்த 7.7 நிலநடுக்கத்துல வீடு போய் இப்ப இவங்க வீட்டுலதான் ஆறு பேரா இருக்காங்க. அந்த நெருக்கடியில இருக்கவங்க சொல்றாங்க, "ஞீமா (தங்கச்சி), நீ போயிட்டு வா, எங்க வீட்ல ஆள் நிறைய இருக்கு." ஆள் நிறைய இருக்கறதையே ஒரு வசதியா சொல்றாங்க பாருங்க.

விடிகாலையில போய் இறங்கினேன். குடத்துல பால் ஊத்தி, வேப்பிலை செருகி, மஞ்சத்துணி கட்டி வரிசையில வெச்சாச்சு, புறப்பட இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்னாங்க. மண்டபத்துல தூணோரமா சாஞ்சு உக்காந்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

கண்ணு முழிச்சப்ப வெயில் கால்ல சுடுது. மேளம் இல்ல. வரிசையில குடமே இல்ல. என் தலைக்கு அடியில யாரோ ஒரு துண்ட சுருட்டி வெச்சிருக்காங்க. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே! அழுகையும் சேந்து வருது. ஒரு வயசான அம்மா, அந்த ஊர்க்காரங்க, பக்கத்துலயே உக்காந்து விசிறிக்கிட்டு இருக்காங்க. "உன் குடத்த நான் எடுத்துட்டுப் போயி ஊத்திட்டேன் தாயி. வாயத் தொறந்துக்கிட்டு தூங்கறே, எழுப்ப மனசு வரல."

"ஏன் எழுப்பல"ன்னு சண்டைக்கே போயிட்டேன், பாவம் அந்த அம்மா. நேரா பூசாரிகிட்ட போனேன். சாமி, என் வேண்டுதல் நிக்குதா, போச்சா, அடுத்த வருஷம் ரெண்டு குடமா எடுக்கணுமான்னு கேட்டேன். அவர் தாம்பாளத்த தொடச்சுக்கிட்டே இருந்தார், நிமிந்துகூட பாக்கல. "அவன் கணக்கு கேட்டானா? பந்தி முடியப் போவுது, போய் சாப்புடும்மா."

போய் உக்காந்தேன். சாம்பாரும் பூசணிக்காயும். சூடா இருந்துச்சு. யாரோ சமைச்சு யாரோ பரிமாறி, நான் எதுவும் செய்யாம சாப்பிட்ட சோறு. சாப்பிட சாப்பிட அந்த பயம் எங்க போச்சுன்னே தெரியல. அஞ்சு மணி நேரம் ஒரே தூக்கமா தூங்கி எத்தன மாசமாச்சுன்னு விரல் விட்டு எண்ணிப் பாத்தேன், எண்ண முடியல. அந்த அம்மாவ தேடிப் போய் கால்ல விழலாம்னு பாத்தா ஆளக் காணோம், கும்பல்ல எங்கயோ போயிட்டாங்க. துண்டு மட்டும் என்கிட்டயே இருக்கு.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பக்கத்துல போய் விபூதி பூசினேன். "கொடம்... எடுத்தியா?"ன்னு இழுத்து இழுத்து கேட்டாங்க. பொய் சொல்லலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். "இல்ல அத்தை, தூங்கிட்டேன்"னேன்.

என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் அந்த நல்லா இருக்கற பாதி வாயால சிரிக்க ஆரம்பிச்சாங்க, சத்தமே வராம உடம்பு குலுங்குது. சிரிச்சு முடிச்சுட்டு கேக்கறாங்க, "கொறட்ட... விட்டியா?"