நாயைத் தேடும் முன் டாக்டரைப் பார்த்தோம்

நாய் வளர்க்கலாம் என்று வீட்டில் முடிவானதும் நாங்கள் முதலில் போனது கால்நடை மருத்துவரிடம். அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் ஓர் அக்கா கொடுத்த யோசனை அது. "நாய் வந்த பிறகு டாக்டரைத் தேடாதே. டாக்டரைப் பார்த்துவிட்டு நாயைத் தேடு" என்றார். இன்று யார் என்னிடம் நாய் வளர்ப்பது பற்றிக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

நாங்கள் சென்னை பெரம்பூரில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். நான், கணவர், பள்ளிக்குப் போகும் மகள், என் அத்தை. மகளுக்கு ஹஸ்கி வேண்டும். கணவருக்கு பக். இரண்டையும் டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கேள்விகள் அவரிடமிருந்து வந்தன. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? தொடர்ந்து எத்தனை மணி நேரம் நாய் தனியாக இருக்கும்? வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டாகிவிட்டதா? தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எங்கே விடுவீர்கள்? "நாய் பன்னிரண்டு, பதினான்கு வருஷம் இருக்கும். பாப்பா காலேஜ் முடித்து வேலைக்கே போயிருப்பாள். அப்போதும் காலையில் அதை வெளியே கூட்டிக்கொண்டு போகிற ஆள் யார்?" என்று கேட்டார். கணவர் தான் போவதாகச் சொன்னார். "இதை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்க" என்றார் டாக்டர்.

ஹஸ்கி பனிப் பிரதேசத்து நாய். அதற்கு இரண்டு அடுக்கு ரோமம். நாய்களுக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சென்னையின் மே மாதத்தில் அது படும் பாட்டை டாக்டர் தினமும் பார்க்கிறார். பக்கின் தட்டை முகம் பார்க்க அழகுதான். ஆனால் மூக்கும் தொண்டையும் நெருக்கிக்கொண்டிருப்பதால் மூச்சு விடவே சிரமப்படும் இனம் அது, வெயிலில் சீக்கிரம் சுருண்டுவிடும். நம் ஊர் நாய்களைப் பற்றியும் கேட்டோம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மூன்றும் வேட்டைக்கு ஓடிய இனங்கள், நன்றாக ஓட இடம் வேண்டும் என்றார். முழு வெள்ளை ராஜபாளையக் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாமல் இருக்கும், வாங்குகிறவர்கள் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

கடைசியில் நாங்கள் தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றைத் தத்தெடுத்தோம். இந்த வெயிலுக்கும் மழைக்கும் பழகிய உடம்பு. "எட்டு வாரமாவது தாயிடம் இருக்கட்டும், அவசரப்பட்டுத் தூக்கிவராதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாய் விற்பனைக்கான 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளும் எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன. சீக்கிரம் பிரிக்கப்படும் குட்டிகளிடம் பயமும், விளையாட்டில் அழுத்திக் கடிக்கும் பழக்கமும் அதிகமாம். கூடப்பிறந்த குட்டிகளைக் கடித்து, திருப்பிக் கடி வாங்கித்தான் எவ்வளவு அழுத்தலாம் என்று ஒரு குட்டி கற்றுக்கொள்கிறது. மகள் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தாள், ஆனாலும் காத்திருந்தோம். மல்லி என்று பெயர் வைத்தாள்.

வந்ததும் முதல் வேலை குடற்புழு மருந்து, அப்புறம் தடுப்பூசி. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை மூன்று நான்கு வார இடைவெளியில், குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஒரே ஊசியை எதற்கு இத்தனை தடவை என்று அத்தை கேட்டார். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை வேலை செய்யவிடாது, அது எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் விட்டு விட்டுப் போடுகிறோம் என்று டாக்டர் விளக்கினார். இந்தக் காரணம் தெரிந்தால் யாரும் நடுவில் நிறுத்த மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 'ஒரு ஊசி போட்டாச்சே' என்று விட்டு, பிறகு ரத்தப்போக்கோடு கிளினிக்குக்குத் தூக்கிவரப்படும் குட்டிகளை அந்த வராந்தாவில் பார்த்திருக்கிறேன். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே ஊசிகள் முடியும்வரை மல்லியைத் தெருவில் இறக்கவில்லை. அதற்காக வீட்டிலேயே பூட்டியும் வைக்கக் கூடாது என்றார் டாக்டர். மூன்று மாதம்வரையிலான வயதில் பார்ப்பதும் கேட்பதும்தான் அதன் குணத்தை அமைக்கும். கையில் தூக்கிக்கொண்டு ஆட்டோ சத்தம், குக்கர் விசில், ஹெல்மெட் போட்ட ஆள், ஊன்றுகோல் வைத்த தாத்தா என்று எல்லாவற்றையும் காட்டினோம்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில், பிறகு வருடா வருடம். இதைப் பற்றிப் பேசும்போது டாக்டரின் குரலே மாறிவிடும். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்த பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. ஆனால் முறையாகத் தடுத்தால் வரவே வராது. மகளை உட்காரவைத்துச் சொன்னார்: "எந்த நாய் கடிச்சாலும், பிராண்டினாலும், புண் இருக்கிற இடத்தில் நக்கினாலும் உடனே அம்மாகிட்ட சொல்லணும். நம்ம மல்லியாக இருந்தாலும் சொல்லணும்." அந்த இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் கடிபட்டவர்களுக்கு வெறிநாய்க்கடி ஊசி இலவசம். திட்டுவார்கள் என்று பயந்து கடியை மறைக்கும் குழந்தைகள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள், அதனால் வீட்டில் யாரும் இதற்காகத் திட்டக் கூடாது என்று எங்களிடமும் உறுதி வாங்கிக்கொண்டார்.

சாப்பாட்டில் அத்தைக்கும் டாக்டருக்கும் நல்ல பேச்சு நடந்தது. தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்த்த நாய்களை அத்தை ஊரில் பார்த்தவர். சாதம் கெடுதல் இல்லை, ஆனால் வளரும் குட்டிக்கு முட்டையோ கறியோ மீனோ வேண்டும் என்றார் டாக்டர். உப்பு, காரம், வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்த கோழியும் சாதமும், கொஞ்சம் கேரட் அல்லது பூசணி. வெந்த எலும்பு கூடவே கூடாது, சிராய் சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். பாயசத்தில் கிடக்கும் திராட்சையை நினைத்து அத்தை திடுக்கிட்டார். அன்றிலிருந்து பண்டிகை நாளில் மல்லிக்குத் தனித்தட்டுதான். காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமால், வலி மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது என்பதும் அன்றே தெரிந்துகொண்டது.

எங்களை உலுக்கியது உண்ணிக் காய்ச்சல். மழை விட்ட சமயம். மல்லி இரண்டு வேளை சாப்பிடவில்லை, படுத்தே கிடந்தாள். வாராவாரம் ஈறைத் தூக்கிப் பார்க்கச் சொல்லி டாக்டர் பழக்கியிருந்ததால் அது வெளிறியிருந்தது உடனே தெரிந்தது. அடிவயிற்றில் சிவப்புப் புள்ளிகள் வேறு. ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. உண்ணி கடித்து உள்ளே போகும் எர்லிக்கியா என்ற கிருமி. டாக்சிசைக்ளின் மாத்திரை நான்கு வாரம், சாப்பாட்டுக்குப் பிறகு, தொண்டையில் தங்காதபடி தண்ணீரோடு. சில நாளிலேயே வாலாட்டி ஓடி வந்தாள். அந்த இடத்தில்தான் நிறையப் பேர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், கிருமி உள்ளேயே பதுங்கிப் பல மாதம் கழித்து மோசமாகத் திரும்பி வரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். நான்கு வாரமும் கொடுத்தோம்.

நாயின் உடம்பில் இருக்கும் உண்ணியைக் கொன்றால் பாதி வேலைதான். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி இறங்கிப் போய்ச் சுவர் வெடிப்பிலும் ஜன்னல் சட்டத்தின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெடிப்புகளை வெள்ளைச் சிமெண்ட் வைத்து அடைத்தோம், படுக்கை விரிப்பைக் கொதிக்கும் தண்ணீரில் அலசினோம், நாயின் எடைக்கேற்ற உண்ணி மாத்திரையை மாதாமாதம் கொடுக்கிறோம். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துத் தடவலாமா என்று அத்தை கேட்டார். வேண்டவே வேண்டாம், நாய் நக்கிவிடும், கற்பூரம் அதற்கு விஷம் என்றார் டாக்டர். மண்ணெண்ணெயும் அப்படித்தான். தெரு முழுக்க இந்த இரண்டையும்தான் கைவைத்தியமாகச் சொல்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

கருத்தடை செய்யத்தான் வீட்டில் தயக்கம். "ஒரு தடவையாவது குட்டி போடட்டும், பெண் ஜென்மம்" என்றார் அத்தை. டாக்டர் மறுத்துப் பேசாமல், "ஆறு குட்டி போட்டால் ஆறு வீடு தெரியுமாம்மா உங்களுக்கு?" என்று கேட்டார். பிறகு மருத்துவக் காரணத்துக்கு வந்தார். ஒரு தடவை குட்டி போடுவதால் உடம்புக்கு எந்த நன்மையும் கிடையாது. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வயதானபின் கருப்பையில் சீழ் கட்டலாம், கவனிக்காவிட்டால் உயிர் போகும். முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிட்டால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பும் மிகக் குறைவு. அத்தை இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். முன்னிரவிலிருந்து சாப்பாடு இல்லை, காலையில் ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, அறுவை சிகிச்சை. சாயங்காலமே வீடு திரும்பினாள். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டியிருந்தார்கள். தையல் பிரிக்கும்வரை இரண்டு மாடியும் கணவர்தான் தூக்கி ஏற்றி இறக்கினார்.

மாநகராட்சி உரிமம் எடுப்பது நான் பயந்த அளவுக்குச் சிரமமாக இல்லை. மாநகராட்சி இணையதளத்தில் நம் அடையாள அட்டை, நாயின் படம், வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று ஆகியவற்றை ஏற்றி, வருடத்துக்கு 50 ரூபாய் கட்ட வேண்டும். 2025 கடைசியில் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கினார்கள், உரிமம் இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம். சிப் அரிசி மணி அளவுதான், தோளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துகிறார்கள். காணாமல் போன நாயைக் கருவி வைத்துப் படித்தால் யாருடையது என்று தெரியும். அபராதத்துக்காக எடுக்காதீர்கள், இதற்காக எடுங்கள்.

சங்கிலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் கட்டிப்போடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டப்படியே குற்றம். நாய்க்கு மூக்குதான் உலகம், மோந்து பார்க்க நேரம் கொடுங்கள் என்பார் டாக்டர். காலையும் மாலையும் வாரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம், கையில் பழைய செய்தித்தாள் இருக்கும், மல்லி போனதை நாங்களே அள்ளுகிறோம். ஏப்ரல், மே மாதங்களில் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவளை இறக்குவோம். நம் கைக்குச் சுட்டால் அவள் பாதமும் வேகும்.

கடைசியாக எங்கள் தெருவில் நடந்தது. மல்லிக்கு ஊசி போட்டால் போதாது, வாசலில் படுத்திருக்கும் நாய்களுக்கும் போட்டால்தான் தெருவுக்கே பாதுகாப்பு என்று டாக்டர் அடிக்கடி சொல்வார். அக்கம்பக்கத்தில் பேசி மாநகராட்சியின் 1913 எண்ணுக்குத் தகவல் சொன்னோம். வண்டி வந்து பிடித்துப் போய், கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டார்கள். விலங்குக் கருத்தடை விதிகள் 2023 இந்த முறையைத்தான் சொல்கின்றன. காதில் சின்ன வெட்டு இருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை முடிந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் தெருவில் இன்னும் ஒரே ஒரு நாய் மட்டும் பிடிபடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தைதான் அதற்கு தினமும் ஒரே இடத்தில் சாதம் வைத்து, கிட்ட வரப் பழக்கிக்கொண்டிருக்கிறார்.